வேருக்குள் குடியிருக்கும் கூட்டாளி: வேம் பூஞ்சை பற்றிய கேள்விகளும் பதில்களும்

நாற்றுப்பண்ணையிலும் உழவர் கூட்டங்களிலும் ‘வேம்’ என்ற பெயர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. வேர் உட்பூசணம், மைக்கோரைசா என்றும் சொல்கிறார்கள். எதற்கு என்று தெரியாமலே பலர் பாக்கெட் வாங்கிப் போடுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், எனக்கே ஒரு காலத்தில் இருந்த சந்தேகங்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பூஞ்சை என்றாலே நோய்தானே? அதைப் போய் வேரில் போடச் சொல்கிறீர்களே?

வாடல் நோயும் அழுகல் நோயும் பூஞ்சையால் வருவதால் இந்தப் பயம் இயல்பானதுதான். ஆனால் நிலத்தில் வளரும் செடி வகைகளில் பத்தில் ஏழு, வேருக்குள் இந்தப் பூஞ்சையை இடம் கொடுத்து வைத்திருக்கின்றன. தென்னை, வாழை, மிளகாய், வெங்காயம், மஞ்சள், சோளம், உளுந்து, வேம்பு, புளி எல்லாமே அதில் அடக்கம். இது வேரை அழுகவைப்பதில்லை. செடி செத்தால் இதுவும் சாகும், ஏனென்றால் உயிருள்ள வேரை விட்டால் இதற்கு வேறு பிழைப்பு இல்லை.

மைக்கோரைசா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் ‘பூஞ்சை வேர்’ என்று பொருள். 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் வைத்த பெயர் அது. மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த டிரஃபிள் காளானைப் பயிரிட முடியுமா என்று பார்க்கத்தான் பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. காளான் வளர்க்கும் வழி கிடைக்கவில்லை. மரங்களின் வேர் நுனியைப் பூஞ்சை உறைபோல் போர்த்தியிருப்பதையும், அந்த மரங்கள் நோயில்லாமல் நன்றாக இருப்பதையும் அவர் கண்டார். பூஞ்சை மரத்துக்கு ஊட்டுகிறது என்று அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை.

ஃபிராங்க் பார்த்தது வேருக்கு வெளியே உறை போர்த்தும் வகை. பைன் மரங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். நம் பயிர்களில் இருப்பது வேர்ச் செல்லுக்குள்ளேயே நுழையும் வகை. இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

வேருக்குள் போய் அது என்ன செய்கிறது?

மண்ணில் கிடக்கும் பூஞ்சை வித்து (ஸ்போர்) முளைத்து ஒரு மெல்லிய இழையை நீட்டுகிறது. அந்த இழை வேரின் மேல்தோலில் ஒட்டியதும் அந்த இடத்தில் சற்றுத் தட்டையாகப் பரவுகிறது. அடுத்து நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பூஞ்சை உள்ளே நுழையும் முன்பே, அந்த இடத்திலுள்ள வேர்ச் செல் தனக்குள் குறுக்கே ஒரு சுரங்கப்பாதையைக் கட்டிவைக்கிறது. விருந்தாளி வருமுன் வாசல் தெளித்து வைப்பது போல. பூஞ்சை அந்தப் பாதை வழியாகத்தான் உள்ளே போகிறது. கதவை உடைத்துக்கொண்டு நுழைகிற நோய்க்கிருமிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தெரிந்துவிடுகிறது.

வேரின் உள்பட்டைச் செல்களுக்குப் போனதும் இழை கிளைவிட்டு, அந்தக் கிளையும் கிளைவிட்டு, ஒரு குட்டி மரம்போல் செல்லை நிரப்பிவிடுகிறது. இதன் பெயர் ஆர்பஸ்கூல். லத்தீனில் ‘சிறு மரம்’ என்று பொருள். முதன்முதலாக நுண்ணோக்கியில் அதைப் பார்த்த நாளில் நெடுநேரம் எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஒரு செல்லுக்குள் ஒரு மரம்!

அந்தக் குட்டி மரம் முழுவதையும் செடி தன் மெல்லிய சவ்வால் சுற்றி வைத்திருக்கிறது. பூஞ்சைக்கும் செடிக்கும் நடுவே எப்போதும் அந்தச் சவ்வு இருக்கும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதன் வழியாகத்தான். ஓர் ஆர்பஸ்கூலின் ஆயுள் சில நாள்கள்தான், அதிகம் போனால் இரண்டு வாரம். பிறகு செடியே அதைக் கரைத்துவிடும், பக்கத்துச் செல்லில் புதிதாக ஒன்று உருவாகும்.

சில இனங்கள் வேருக்குள் எண்ணெய் நிறைந்த சிறு பைகளையும் உண்டாக்கும். வெசிக்கிள் என்று பெயர், பூஞ்சையின் சேமிப்புக் குதிர்கள். வெசிக்கிள், ஆர்பஸ்கூல், மைக்கோரைசா என்ற மூன்று சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்துத்தான் ‘வேம்’ என்று ஆயிற்று. எல்லா இனங்களிலும் வெசிக்கிள் இல்லை என்பதால் அறிவியலில் அந்த முதல் சொல்லை இப்போது விட்டுவிட்டார்கள். நம் ஊரில் வேம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வேருக்குத்தான் வேர்த்தூவிகள் இருக்கின்றனவே. பூஞ்சை எதற்கு?

மணிச்சத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். தழைச்சத்து நைட்ரேட்டாக இருக்கும்போது தண்ணீரோடு ஓடி வரும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அப்படி வராது. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடும். ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அதனால் வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் அங்கே ஒரு வெறுமை உண்டாகிறது. இரண்டு விரல் தள்ளிச் சத்து கிடந்தாலும் வேருக்கு எட்டாது. போட்ட டிஏபி உரத்தின் மணிச்சத்தில் முதல் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதற்கு இதுதான் காரணம்.

பூஞ்சை இழை அந்த வெறுமையைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போகிறது. அதன் தடிமன் 2 முதல் 10 மைக்ரோமீட்டர்தான், வேர் நுழைய முடியாத மண் துளைக்குள்ளும் புகுந்துவிடும். ஒரு கிராம் மண்ணில் பல மீட்டர் நீளத்துக்கு இந்த இழைகள் இருக்கும். எடுத்த மணிச்சத்தை மணிமாலைபோல் கோத்து, இழைக்குள்ளேயே வேர்வரை கொண்டுவந்து, ஆர்பஸ்கூலில் அவிழ்த்துக் கொடுக்கிறது. அந்தச் சவ்வில் மணிச்சத்தை வாங்குவதற்கென்றே செடி தனிப் புரதங்களை வைத்திருக்கிறது. துத்தநாகமும் செம்பும் இதே வழியில் வருகின்றன.

இதற்குச் செடி என்ன கொடுக்கிறது?

சாப்பாடு போடுகிறது. ஒளிச்சேர்க்கையில் கிடைத்ததில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும்தான் போகிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இந்தப் பூஞ்சையின் மரபணுத் தொகுதியை 2013-இல் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தொடக்கத்திலிருந்து தயாரிக்கத் தேவையான முக்கிய மரபணுவே அதில் இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் வைத்திருக்கும் உயிருக்கு அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? செடிதான் கொடுக்கிறது என்று 2017-இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. சமைத்துப் போடுவது மட்டுமல்ல, தாளிக்க எண்ணெயும் செடிதான் தருகிறது.

அப்படியானால் செடிக்கு நட்டமே வராதா?

வரலாம். மணிச்சத்து ஏராளமாக உள்ள மண்ணிலும், வெயில் போதாத நிழலிலும், பூஞ்சைக்குக் கொடுக்கும் சாப்பாட்டுக்கு ஈடான பலன் திரும்பி வராது. அங்கே செடி சற்றுக் குன்றுவதும் உண்டு. வேம் போட்டால் எங்கும் எப்போதும் மகசூல் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாஸ்போபாக்டீரியா போடுகிறேன். வேமும் வேண்டுமா?

இரண்டுக்கும் வேலை வேறு. பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து இறுகிய மணிச்சத்தைக் கரைக்கும், ஆனால் கரைந்ததைத் தூக்கிக்கொண்டு வேருக்கு வராது. வேம் தூக்கி வரும், கரைப்பதில் அதற்கு அவ்வளவு திறமை இல்லை. அதனால் இரண்டும் சேர்ந்தால் நல்லது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேம் நிலைநிறுத்தாது. அந்த வேலைக்கு ரைசோபியம், அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாக்கள்தான்.

கண்ணில்லாத பூஞ்சை வேரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செடி கூப்பிடுகிறது. மணிச்சத்துப் பற்றாக்குறை வந்தால் வேரிலிருந்து ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருள் மிக மிகக் குறைந்த அளவில் கசிகிறது. அது பட்டதும் பூஞ்சை இழை சுறுசுறுப்பாகிப் பல கிளை விடுகிறது. இதை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூஞ்சையும் தன் பங்குக்கு ஒரு சேதிப்பொருளை அனுப்புகிறது. அது கிடைத்ததும் வேர் தயாராகிறது.

அந்தப் பொருள் பழையது, 1966-லேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அப்போது தெரிந்ததெல்லாம் அது சுடுமல்லி விதையை முளைக்க வைக்கிறது என்பதுதான். சோளத்தின் வேரிலும் கரும்பின் வேரிலும் ஒட்டி உறிஞ்சும் அதே சுடுமல்லி. தன்னையே அழிக்கும் களையை ஒரு செடி ஏன் கூப்பிட வேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. செடி கூப்பிட்டது பூஞ்சையை, சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்டது. சத்துக் குறைந்த நிலத்தில் சுடுமல்லி அதிகமாக வருவதும் இதனோடு சேர்ந்த விஷயம்தான். பூஞ்சை வேரில் நன்றாகக் குடியேறிவிட்டால் செடி கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது.

எந்தப் பயிருக்குப் பலன் அதிகம்? எதற்குப் போட்டால் வீண்?

தடித்த வேரும் குறைந்த வேர்த்தூவியும் உள்ள பயிர்கள்தான் இதை மிகவும் நம்பியிருக்கின்றன. வெங்காயம் அப்படி. மரவள்ளி அதைவிட. கொலம்பியாவில் உள்ள சியாட் ஆய்வு மையத்தில் 1980-களில் செய்த சோதனைகளில், பூஞ்சை இல்லாத மண்ணில் மரவள்ளிக்கு அளவுக்கு மீறி மணிச்சத்து தேவைப்பட்டது. ஆனால் அதே மரவள்ளி ஏழை மண்ணில் எருவில்லாமல் விளைவதை நாம் பார்க்கிறோம். அந்தப் பெருமையில் பாதி பூஞ்சைக்குச் சேர வேண்டியது. மிளகாய், கத்தரி, வாழை, எலுமிச்சை, மா, பப்பாளி, பயறு வகைகள் எல்லாம் நல்ல கூட்டாளிகள். நெல், கோதுமை போன்ற நார்வேர்ப் பயிர்களுக்குப் பலன் குறைவாகவே தெரியும்.

கடுகுக் குடும்பம் பூஞ்சையை உள்ளே விடுவதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல் ஆகியவற்றுக்கு வேம் வாங்கிப் போடுவது வீண் செலவு. பீட்ரூட், பாலக் கீரை, தண்டுக்கீரை ஆகியவையும் பொதுவாக அப்படித்தான்.

நெல்லுக்குப் போடலாமா?

நெல் இதை ஏற்கும் பயிர்தான். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் காற்றில்லாமல் பூஞ்சை மங்கிவிடும். மேட்டு நாற்றங்காலிலும் மானாவாரி நெல்லிலும் மட்டும் யோசிக்கலாம்.

என் மண்ணில் இது ஏற்கெனவே இருக்காதா? காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. இருக்கும். புல் முளைத்திருக்கும் எந்த மண்ணிலும் இருக்கும். வாங்கிப் போடுவதற்கு முன்னால், இருப்பதைக் கொல்லாமல் இருக்கிறோமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டார்லிங் டவுன்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. நம் கரிசலைப் போன்ற கறுப்புக் களிமண். மழைநீரை மண்ணில் சேமிக்க, ஓராண்டுக்கும் மேலாக நிலத்தைக் களையில்லாமல் தரிசாகப் போட்டு வைப்பார்கள். ஓய்ந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்க வேண்டும் அல்லவா? குன்றிப்போனது. மணிச்சத்தும் துத்தநாகமும் பற்றாமல் வெளிறி நின்றது. நீள்தரிசுக் கோளாறு என்று பெயர் வைத்தார்கள், காரணம் தெரியவில்லை. தாம்சன் என்ற ஆய்வாளர் 1987-இல் விடை சொன்னார்: அத்தனை மாதம் உயிருள்ள வேரே இல்லாததால் வேர்ப் பூஞ்சை பட்டினியில் மாய்ந்துவிட்டது. மண்ணில் சத்து இருந்தது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

அதனால் இந்தப் பூஞ்சைக்கு வேண்டியது ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பச்சை வேர். கோடையில் நிலத்தை வெறுமனே காயப்போடாமல் சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்தால் அது பிழைத்திருக்கும். வரப்புப் புல்லும் ஒரு சேமிப்புக் கிடங்குதான். ஆழமாகத் திரும்பத் திரும்ப உழும்போது இழை வலை அறுந்துபோகும், அறுந்ததை மறுபடி கட்டப் பூஞ்சைக்கு நாளாகும். முட்டைக்கோஸுக்குப் பிறகு மறுபடி காலிஃபிளவர் என்று போடாமல், நடுவில் மக்காச்சோளமோ வெங்காயமோ போடலாம்.

சரி, எப்போதுதான் வாங்குவது? பூஞ்சையே இல்லாத இடங்களில் வாங்கலாம். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் வளரும் நாற்று, ஆய்வகக் குப்பியிலிருந்து வரும் திசு வளர்ப்பு வாழை, மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட நிலம், சுரங்கக் கழிவு மேடு, சூரிய வெப்பத்தில் மூடாக்கிட்டுக் கிருமி நீக்கிய நாற்றங்கால் ஆகியவற்றில் போட்டது வீணாகாது.

எப்படி, எவ்வளவு போட வேண்டும்?

வேர் முளைத்து வரும் வழியில் பூஞ்சை காத்திருக்க வேண்டும், மேலே தூவி விடுவதால் பலனில்லை. நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் கீழே. பாலித்தீன் பை நாற்றுக்குப் பைக்கு 5 முதல் 10 கிராம். வயலில் நடும் கன்றுக்குக் குழியில் 20 கிராம், வேரில் படும்படி. வளர்ந்த மரமாக இருந்தால் 200 கிராமை ஊட்டு வேர்கள் உள்ள இடத்தில் மண்ணைக் கிளறிப் போடுங்கள், தண்டோடு ஒட்டிப் போட வேண்டாம். மண்ணோ வெர்மிகுலைட் என்ற கனிமமோ கலந்து வரும் தூள் வகைக்கான அளவு இது. செறிவூட்டிய வகைகளுக்குப் பாக்கெட்டில் உள்ள அளவைப் பாருங்கள்.

நாற்றிலேயே போட்டுவிடுவதுதான் மலிவு. ஏக்கர் முழுக்கத் தூவுவதைவிட, வேரோடு வயலுக்கு அனுப்பிவைப்பது எளிது.

டிஏபி போட்டால் பூஞ்சை செத்துவிடுமா?

சாகாது. ஆனால் செடி கூப்பிடுவதை நிறுத்திவிடும். கையிலேயே மணிச்சத்து கிடைக்கும்போது, சாப்பாடு போட்டு ஒரு கூட்டாளியை வைத்திருக்க அதற்குத் தேவை இல்லை. வேம் போட்டுவிட்டு அதே குழியில் டிஏபியையும் முழு அளவு கொட்டினால், பலன் தெரியவில்லை என்று பிறகு பூஞ்சையைக் குறை சொல்லக்கூடாது. மண் பரிசோதனை செய்து மணிச்சத்து அதிகம் என்று வந்தால் ஒரு பருவம் குறைத்துப் பாருங்கள். கோழி எருவிலும் மணிச்சத்து நிறைய உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மக்கிய தொழுஉரம் அளவாக இருந்தால் பிரச்சினை இல்லை.

பூஞ்சணக்கொல்லியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்பென்டாசிம் போன்றவற்றை வேரில் ஊற்றினால் வேமும் பாதிக்கப்படும். மெட்டலாக்சில் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

கடையில் வாங்கும் பாக்கெட்டை நம்பலாமா?

பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராமில் குறைந்தது 100 உயிருள்ள பெருக்க அலகுகள் (புதிதாக முளைத்து வளரக்கூடிய பூஞ்சைத் துணுக்குகள்) இருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 வித்துகளாக இருக்க வேண்டும். இந்த எண், தயாரித்த நாள், காலாவதி நாள் மூன்றும் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். வெயிலில் காய்ந்த கடையோரச் சரக்கும் வேண்டாம். ஒரே பாக்கெட்டில் இருபது நுண்ணுயிர் இருப்பதாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

உயிருள்ளதா என்று நீங்களே சோதிக்கலாம். பாக்கெட் மண்ணைச் சுத்தமான மணலில் கலந்து மக்காச்சோளம் விதையுங்கள். ஐந்தாறு வாரம் கழித்து வேரைப் பக்கத்தில் உள்ள வேளாண் கல்லூரியில் காட்டிக் கேளுங்கள்.

நாமே தயாரிக்க முடியுமா?

முடியும். சாணத்திலோ சர்க்கரைக் கரைசலிலோ பெருக்க முடியாது, உயிருள்ள வேர் வேண்டும். ஒரு மீட்டர் நீள அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் கறுப்பு பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ கிருமி நீக்கிய மண்ணும் கலந்து நிரப்புங்கள். 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஒரு கிலோ தாய் வித்தை (ஏற்கெனவே பூஞ்சை உள்ள வேம் தூள்) பரப்பி, மேலே மக்காச்சோளம் விதையுங்கள். உரத்தை மிகக் குறைவாக வையுங்கள், முக்கியமாக மணிச்சத்தை. 60 நாளில் தண்ணீரை நிறுத்தினால் செடி வாடும்போது பூஞ்சை வித்துகளாக ஒடுங்கும். தட்டையை வெட்டிவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கிக் குழி மண்ணோடு கலந்தால் ஏறக்குறைய 55 கிலோ கிடைக்கும். நூற்புழு உள்ள தோட்டத்து மண்ணை மட்டும் இதில் கலக்காதீர்கள். பூஞ்சையோடு நூற்புழுவும் பெருகும்.

மரங்கள் இந்தப் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றனவாமே?

ஒரே பூஞ்சை வலை பல செடிகளின் வேரை இணைப்பது உண்மை. அசுவினி தாக்கிய அவரை இனச் செடியிலிருந்து பக்கத்துச் செடிக்கு எச்சரிக்கை போனதைத் தொட்டிச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். தாய் மரம் பிள்ளை மரத்துக்குச் சோறூட்டுகிறது என்ற அளவுக்குக் காட்டில் நிரூபணம் போதவில்லை என்று 2023-இல் அந்தத் துறையினரே விரிவாக எழுதினார்கள். தெரிந்த உண்மையே போதுமான அளவு அழகாக இருக்கிறது, அதற்கு மேல் கதை கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம்.

இந்தக் கூட்டு எவ்வளவு பழையது?

ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த புதைபடிவக் கல்லில், 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடிகளின் தண்டுக்குள் ஆர்பஸ்கூல்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேரே கிடையாது. வேர் தோன்றும் முன்பே வேர்ப் பூஞ்சை வந்துவிட்டது.

இதைக் கண்ணால் பார்க்க ஏதாவது வழி உண்டா?

வெறும் கண்ணால் முடியாது. வேரில் தெரியும் வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சியாகவோ மக்கு உண்ணும் வேறு பூஞ்சையாகவோ இருக்கும். ஆனால் பள்ளி ஆய்வகம் போதும். மெல்லிய வேரைக் கழுவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் வேர் வெளிறும். அது தோலை அரிக்கும், ஆசிரியர் செய்யட்டும். நன்றாக அலசிய பிறகு, வினிகரில் 5 சதவீதம் பேனா மை கலந்து அதில் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். 1998-இல் வெளியான முறை இது, விலை உயர்ந்த சாயம் எதுவும் வேண்டாம். சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் மிகுதி மையைப் போக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து லேசாக அழுத்துங்கள். 100 மடங்கு உருப்பெருக்கத்தில் வெசிக்கிள்கள் உருண்டையாகத் தெரியும், 400 மடங்கில் குட்டி மரங்களும் தெரியும். பழகுவதற்கு, நட்டு ஐந்தாறு வாரமான சின்ன வெங்காயத்தின் வேர் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க அதே பாத்தியிலிருந்து ஒரு முள்ளங்கியின் வேரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.